புதுப்பிப்பு: ஆண்ட்ராய்டு 15 ஒருவழியாக வந்து சேர்ந்தது

'எனக்கு மட்டும் ஏன் இன்னும் அப்டேட் வரவில்லை' என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன் இல்லையா? நேற்று ராத்திரி வந்துவிட்டது. போனை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஆண்ட்ராய்டின் இந்த 15-ஆம் பதிப்பை, கூகுள் 2024 அக்டோபரிலேயே தன் சொந்தத் தயாரிப்பான பிக்சல் போன்களுக்குக் கொடுத்துவிட்டது. என் போன் கம்பெனிக்கு அதன்மேல் தன் 'தோலை' (தனக்கே உரிய திரைத் தோற்றத்தையும் வசதிகளையும்) போர்த்தி, சிப்புக்கு ஏற்றபடி டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்களை) சரிசெய்து, சோதித்து முடிக்க இவ்வளவு காலம்.

அந்தப் புலம்பலுக்கு, 'செட்டிங்ஸில் செக் ஃபார் அப்டேட் பட்டனை அமுக்கிக்கொண்டே இருங்கள்' என்றவர்களுக்கு: விரல் தேய்ந்ததுதான் மிச்சம். தொகுதி தொகுதியாகத்தான் அனுப்புகிறார்கள், நம் முறை வந்தால்தான் உண்டு.

ரீஸ்டார்ட் ஆனதும் ஆசையாக செட்டிங்ஸைத் திறந்தேன். செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்) தேதி மூன்று மாதம் பழசு! புதுச் சட்டையில் பழைய கறை. பேட்டரியும் காலையிலிருந்து கரைகிறது. அப்டேட்டுக்குப் பிறகு பின்னணியில் ஓடும் ஆப்கள் அடங்க ஓரிரு நாள் கொடுத்துப் பார்க்கிறேன்.