வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடையாதா? (இலங்கை, தனியார் துறை)

களஞ்சியக்காரன்:
யாழ்ப்பாணத்தில் கிளை உள்ள விநியோக நிறுவனம் ஒன்றில் 6 வருடம் 7 மாத வேலை. ஒவ்வொரு டிசம்பரும் ஒப்பந்தம் முடிந்ததாகக் காட்டி, ஒரு கிழமை கழித்துப் புதுக் கடிதம் தருவார்கள். அந்தக் கிழமையும் வேலை செய்தோம்தான். போன மாதம் ராஜினாமா செய்தாயிற்று. எச்.ஆர். சொல்வது: தொடர்ந்து 5 வருடம் இல்லை, யாழ் கிளையில் 9 பேர்தான், ஒரு மாத நோட்டீஸ் தரவில்லை. அடிப்படைச் சம்பளம் 42,000, வாழ்க்கைச் செலவுப்படி 5,000, பயணப்படி 6,000, ஓ.டி. தனி. ஏதாவது கிடைக்குமா?

சம்பளக்கணக்கு:
1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் உங்கள் பக்கம். நீங்களே விலகினாலும் உரிமை போகாது. மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் பாதி. மிச்ச 7 மாதம் கணக்கில் வராது.

அடிப்படையும் வாழ்க்கைச் செலவுப்படியும் சேரும், ஓ.டி.யும் பயணப்படியும் சேராது. ஆக 47,000இல் பாதி 23,500, அதை 6ஆல் பெருக்க 1,41,000 ரூபா.

9 பேர் கதை எடுபடாது. வேலை முடிவதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் அந்த முதலாளியிடம் 15 பேர் இருந்தாலே போதும். தலைமை அலுவலகம், மற்றக் கிளைகள் எல்லாம் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

நியாயசபைப்படி:
நோட்டீஸ் விஷயம்: பணிக்கொடையைப் பிடித்து வைக்கச் சட்டம் சொல்லும் காரணங்கள் மோசடி, நிறுவனப் பணத்தைக் கையாடல், வேண்டுமென்றே சொத்தைச் சேதமாக்கல், பொருளை இழக்கச் செய்தல், இவைதான். அதுவும் அந்தக் காரணத்துக்காக வேலையால் நிறுத்தியிருக்க வேண்டும். பிடிப்பதும் நட்டத்தின் அளவுக்குத்தான். நோட்டீஸ் தராதது இதில் இல்லை. அவர்களுக்கு நட்டம் என்றால் ஒப்பந்தத்தை வைத்துத் தனியாகக் கேட்கட்டும்.

டிசம்பர் இடைவெளிக்கு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பதிவுதான் மருந்து. ஒரே அங்கத்துவ இலக்கத்தில் 6 வருடமும் ஒரு மாதம் விடாமல் பங்களிப்பு போயிருந்தால், "புதுசாக எடுத்தோம்" என்ற வாதம் விசாரணையில் நிற்பது கஷ்டம். அந்தக் கிழமையில் கையெழுத்து வைத்த சரக்கு ஏற்றுச் சீட்டு, வாட்ஸப் கட்டளை இருந்தால் இன்னும் நல்லது. அலுவலகக் குழுவிலிருந்து உங்களை நீக்க முதல் படம் பிடித்து வையுங்கள்.

களஞ்சியக்காரன்:
15 பேர் என்பதை நான் எப்படிக் காட்டுவது? பட்டியல் எல்லாம் அவர்களிடம்தானே.

சம்பளக்கணக்கு:
மாதாமாதம் ஈ.பி.எப்.புக்கு அனுப்பும் சீ படிவத்தில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். தொழில் அதிகாரி அதைக் கேட்டு வாங்குவார். ஈ.பி.எப். கட்டாமல் ஆட்களை மறைத்திருந்தால், உங்களுக்குத் தெரிந்த பெயர்களையும் கிளைகளையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

வடக்குத்தொழிற்சங்கம்:
வழி இது. வேலை முடிந்து 30 நாளுக்குள் அவர்கள் கட்ட வேண்டும். தொகையையும் கணக்கையும் எழுதிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். 30 நாள் தாண்டியதும், வேலை செய்த இடத்துக்குரிய மாவட்டத் தொழில் அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு கொடுக்கலாம். நியமனக் கடிதங்கள், கடைசிச் சம்பளச் சீட்டு, ராஜினாமாக் கடிதம், ஈ.பி.எப். இலக்கம், தபால் பற்றுச்சீட்டு: எல்லாவற்றிலும் பிரதி. மூலத்தை யாரிடமும் விடாதீர்கள். சட்டத்தரணி தேவையில்லை.

இரு பக்கத்தையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். பிந்தப் பிந்த மேலதிகக் கட்டணம் 10 வீதத்திலிருந்து ஏறி, ஒரு வருடம் தாண்டினால் 30 வீதமாகும். உங்கள் கணக்கில் அது 42,300. அப்படியும் கட்டாவிட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்புவார், தண்டப்பணம் போல அறவிடுவார்கள்.

பெரும்பாலும் ஆட்கள் சறுக்குவது சட்டத்தில் இல்லை, கையெழுத்தில். "எல்லாக் கொடுப்பனவும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டி, கடைசி மாதச் சம்பளக் காசோலையோடு கையெழுத்துக் கேட்பார்கள். வெறுமனே வைக்காதீர்கள். "இன்ன மாதச் சம்பளம் மட்டும், பணிக்கொடை பெறவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதி, திகதி போட்டு, படம் எடுத்த பிறகு கொடுங்கள்.

நியாயசபைப்படி:
ஒரு சேர்க்கை, வேறு யாரும் வாசித்தால் உதவும். மொத்தமே 15க்குக் குறைவானவர்கள் என்றால் தொழில் அலுவலகத்தை விட்டுத் தொழில் நியாயசபைக்குத்தான் (தொழில் வழக்குகளை விசாரிக்கும் மன்றம்) போக வேண்டும். ராஜினாமாவை வற்புறுத்தி எழுத வைத்தார்கள் என்று வாதிடுபவருக்கும் இடம் அதுதான். அங்கே 6 மாதக் கெடு. தொழில் அலுவலகத்தில் பேச்சு நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்து கெடுவை விட்டவர்கள் நிறையப் பேர்.