பழைய வேகன்-ஆர்: ஹெட்லைட் மங்கல், 100/90 பல்பு போடலாமா?

கேள்வி:
2010 மாடல் வண்டி. இரவில் வத்தலக்குண்டு ரோட்டில் குறுக்கே மாடு நின்றால்கூட கிட்டப் போனால்தான் தெரிகிறது. 100/90 வாட் பல்பு வாங்கி நானே மாட்டலாமா? இல்லை எல்இடியா?

பதில்:
அண்ணே, 100/90 வேண்டவே வேண்டாம். உங்கள் வயரிங் 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்) எச்4 பல்புக்கானது, ஹோல்டர் உருகிவிடும். முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓட, லைட் எரிய, பேட்டரியிலும் பல்பு பின்னிலும் வோல்ட் பாருங்கள். பல்பில் ரொம்பக் குறைந்தால் வழியில் வயரிங்கில்தான் இழப்பு. ஹாலஜனில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். என் பழைய ஆல்டோவில் அதுதான் கோளாறு. ரிலே (சிறு கரண்டில் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) வைத்த வயர் செட், அதாவது ரிலே ஹார்னஸ் போட்டேன்: பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த வயர் நேராகப் பல்புக்கு. பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்க மட்டும்தான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வயரிங்கில் கை வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி தம்பி, எல்இடி?

பதில்:
உங்கள் ஹெட்லைட் ரிஃப்ளெக்டர், ஹாலஜன் பல்பின் ஃபிலமென்ட் இருக்கும் இடத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. எல்இடி மாட்டினால் ஒளி சிதறி எதிரே வருபவன் கண்ணைப் பறிக்கும். (அவன் திட்டுவது உங்களுக்குக் கேட்காது, அவ்வளவுதான்.)

இன்னொருவர்:
ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளடித்திருக்கிறதா? அப்படியென்றால் 1000, அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), பிறகு பாலிஷ். மேலே யுவி கோட்டிங் அடிக்காவிட்டால் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகும்.