ட்ரிப்ஸ் வேகம் கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

பி.எஸ்சி. நர்சிங் நாலாவது செமஸ்டர், மதுரைப் பக்கம். தாளில் கணக்கு போடச் சொன்னால் தப்பே வராது, வார்டில்தான் மாட்டிக்கொள்கிறேன்.

போன செவ்வாய், மெடிக்கல் வார்டு, ஒரு தாத்தாவுக்கு 500 மி.லி. நார்மல் சலைன், 8 மணி நேரத்தில் போக வேண்டும். செட் (ட்ரிப்ஸ் குழாய்) உறையில் 1 மி.லி.க்கு 20 சொட்டு என்று போட்டிருந்தது. 500 × 20 ÷ 480, கிட்டத்தட்ட நிமிடத்துக்கு 21 சொட்டு. காலை 10 மணிக்கு எண்ணித்தான் வைத்தேன். 12 மணிக்கு 375 மி.லி. மிச்சம் இருக்க வேண்டும், பார்த்தால் 200தான். சிஸ்டர் உடனே குறைத்துவிட்டார், நல்லவேளை தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கையை மடக்கி நீட்டியபோது மாறியதா, குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலர் நழுவியதா, இன்னும் புரியவில்லை. இந்த மாதம் இது மூன்றாவது தடவை.

முதலில் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கிக்கொண்டிருந்தேன், அது சரிவரவில்லை என்று இப்போது முழு நிமிடமும் எண்ணுகிறேன். பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி மணிக்கு மணி கோடு போட்டேன். தப்பு தெரிகிறது, ஆனால் தெரிவதற்குள் பாதி இறங்கிவிடுகிறது. ஸ்டாண்டு உயரத்தையும் மாற்றவில்லை. வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பம்ப் எல்லாம் ஐசியூவில்தான், எங்கள் வார்டில் கிடையாது. அடுத்த செமஸ்டர் குழந்தைகள் வார்டு வேறு, அங்கே சின்னச் சொட்டாக விழும் மைக்ரோ செட், 1 மி.லி.க்கு 60 சொட்டு, நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

வார்டில் வேலை பார்க்கும் அக்கா, அண்ணன்கள் சொல்லுங்கள்: பம்ப் இல்லாமல் ஒரே வேகத்தில் ஓட, வைத்த பிறகு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எதையெல்லாம் பார்க்கிறீர்கள்?