வேகம் நகரும் நியூ வேவ் பாட்டு: கிளப் ரீமிக்ஸுக்கு உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். மாடர்ன் இங்கிலீஷ் குழுவின் 1982 பாட்டு 'ஐ மெல்ட் வித் யூ'. டிஜேக்கள் தயங்காமல் போடக்கூடிய நீண்ட வடிவமாக அதை மாற்றிக்கொண்டிருக்கிறேன். சிக்கல் வேகத்தில்தான்.

1983-இல் வந்த நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷினில் கட்டிய பாட்டு. கிரிட்டில் (மென்பொருளின் சம இடைவெளித் தாளக் கோடுகளில்) போட்டால் அப்படியே உட்காரும். 'ஐ மெல்ட் வித் யூ'வில் டிரம்ஸ் வாசித்தது மனிதக் கை. ஓரிடத்தில் முந்துகிறது, இன்னோரிடத்தில் பிந்துகிறது. ஏபிள்டன் லைவ் இசை மென்பொருளில் ஒவ்வொரு பீட்டுக்கும் வார்ப் மார்க்கர் (ஒலியை இழுத்து கிரிட்டோடு பொருத்தும் குறி) வைத்தால் நேராகிறது, ஆனால் பாட்டின் துள்ளலே போய்விடுகிறது. நாலு பாருக்கு (ஒரு பார் என்றால் நாலு பீட்) ஒன்று வைத்தால் உயிர் இருக்கிறது, அடுத்த டிராக்கோடு கலக்கும்போது கிக் (பெரிய டிரம்மின் அடி) இரட்டையாகக் கேட்கிறது. நீங்கள் எந்த அளவில் நிறுத்துவீர்கள்?

முன்னும் பின்னும் நான் சேர்க்கும் 32 பாரை மட்டும் கிரிட்டில் பூட்டி, நடுவில் பாட்டை அதன் போக்கில் விடலாமா? என் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஒரிஜினலின் அவசரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம், ஸ்டெம் பிரித்தால் (குரல், டிரம்ஸ் என்று தனித்தனியாக எடுத்தால்) குரலோடு ஹை-ஹாட்டும் (டிரம்ஸின் ஜோடித் தட்டுச் சத்தமும்) ஒட்டிக்கொண்டு வருகிறது. புதுக் கிக், பேஸ் ஓடும் இடங்களில் அது மறைந்துவிடும். இசை அடங்கி 'ம்ம்ம்' என்று பாடும் பகுதியில் மட்டும் அப்பட்டமாகக் கேட்கிறது. அதைச் சுத்தம் செய்ய எந்த மென்பொருள் சரி?

நேரடி டிரம்ஸ் பாட்டைக் கையாண்டவர்கள் உங்கள் மார்க்கர் அமைப்பின் ஸ்கிரீன்ஷாட் போட்டால் பெரிய உதவி.