வடிவமைப்பு ஏட்டைக் கடைசியில் நிரப்பும் மாணவர்களை என்ன செய்வது?

கேள்வி: பட்டறைக்குப் புதியவர்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாவது ஆண்டாக வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடம் நடத்துகிறேன். என் உயர்நிலை 3 மாணவர்களில் பெரும்பாலோர், தலைப்பைக் கொடுத்த முதல் வாரத்திலேயே இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்து, செய்யப்போகும் பொருளை முடிவு செய்துவிடுகிறார்கள். ஏட்டில் இருக்க வேண்டிய மாற்று எண்ணங்கள், ஒப்பீடு, தேர்வுக்கான காரணம் எல்லாம் பொருள் முடிந்த பிறகு கண்துடைப்பாக வரையப்படுகின்றன. சென்ற வாரம் ஒரு மாணவருடைய ஏட்டில் 'முதல் எண்ணம்' என்று தலைப்பிட்ட படத்தைப் பார்த்தேன். அவர் துளையிடும்போது கை தவறி இடம் மாறிப்போன துளைகூட அந்தப் படத்தில் அதே இடத்தில் இருந்தது! சிரிப்பை அடக்கிக்கொண்டாலும், வீடு திரும்பும் வழியெல்லாம் கவலையாகவே இருந்தது. இந்தப் பாடத்தின் பள்ளி இறுதித் தேர்வில் 60 விழுக்காடு, மாணவரே வடிவமைத்துச் செய்யும் திட்டப்பணிக்குத்தான். எழுத்துத் தாளுக்கு 40 விழுக்காடு மட்டுமே. மாணவர்கள் உண்மையாகவே சிந்தித்து வரைவதற்கு என்ன வழி?

மறுமொழி 1: மரத்தூள்

இதில் பாதித் தவறு நம் தலைப்பில் இருக்கிறது. 'கைபேசி தாங்கி ஒன்றை வடிவமைக்கவும்' என்று கொடுத்தால் விடையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். அதன் பிறகு மாணவர் இணையத்தில் தேடாமல் வேறு என்ன செய்வார்? நான் இப்போது பொருளின் பெயரைச் சொல்வதே இல்லை. ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்து, அவர் ஏதேனும் ஒரு வேலை செய்வதை அரை மணி நேரம் பேசாமல் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, தேக்காவில் (லிட்டில் இந்தியா) பூக்கடை வைத்திருக்கும் தம் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். பெரியம்மாவிடம் கேட்டபோது, ஒரு சிரமமும் இல்லை என்றுதான் சொன்னாராம். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் நூற்கண்டு ஏழு முறை மேசையிலிருந்து உருண்டு விழுந்ததையும், ஒவ்வொரு முறையும் அவர் கட்டிய சரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்து எடுத்ததையும் மாணவி குறித்திருந்தார். அந்தக் குறிப்பைப் படித்ததும் வகுப்பில் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். அவர் அட்டையில் செய்த முதல் தாங்கி, நூலை இழுத்ததும் கண்டோடு சேர்ந்து சாய்ந்தது. இரண்டாவதில் அடிப்பலகையை அகலமாக்கினார். மூன்றாவது ஈரக் கையோடு தொட்டதும் ஊறிப்போனதால்தான் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் தகட்டுக்கு மாறினார். இணையத்தில் படம் தேட வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை.

இன்னொன்று: ஒவ்வொரு பாட வேளையின் முடிவிலும் அன்று வரைந்த பக்கத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். நாற்பது பேருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். தேர்வுத் திட்டப்பணி தொடங்கிவிட்டால் ஆசிரியர் உதவுவதற்கு வரம்பு உண்டு என்பதால், இந்தப் பழக்கங்களை உயர்நிலை 3 முடிவதற்குள் ஊன்றிவிடுங்கள்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற அரம்

மரத்தூள் ஐயா சொல்வது சரியே. ஆயினும் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. 1969இல் கீழ் உயர்நிலையில் (உயர்நிலை 1, 2) ஆண் மாணவர்கள் அனைவருக்கும் தொழில்நுட்பப் பாடம் கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் படித்தவன் நான். பல பள்ளிகளுக்கும் பொதுவான பட்டறைக்குப் போவோம். ஆசிரியர் ஒரே வரைபடத்தைக் கொடுப்பார், எல்லாரும் ஒரே குப்பை அள்ளும் முறத்தைச் செய்வோம். அதில் வடிவமைப்பு என்று ஒன்றுமே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தகரம் எந்தப் பக்கம் மடங்கும், எங்கே கிழியும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய மாணவருக்கு லேசர் இயந்திரம் வெட்டித் தந்துவிடுகிறது. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கைச் சூடேற்றும் கம்பியின் மேல் வைத்து, கோடு முழுவதும் இளகும் முன்பே அவசரப்பட்டு வளைத்தால் மடிப்பில் மயிரிழைபோல விரிசல் ஓடும். அடியில் கழிவுப் பலகை வைக்காமல் துளையிட்டால் மறுபக்கம் சில்லு தெறிக்கும். இவற்றை ஒருமுறையாவது அனுபவித்தவருக்குத்தான் இரண்டாவது எண்ணமும் மூன்றாவது எண்ணமும் தோன்றும். தகரம், அக்ரிலிக் போன்ற மூலப்பொருளின் தன்மையை அறியாதவரிடம் நான்கு மாற்று எண்ணங்களைக் கேட்டால் நான்கு வெளிக்கோடுகளைத்தான் வரைவார். முதல் தவணையில் இரண்டு வாரங்களை, வெறும் துண்டுகளை உடைத்துப் பார்ப்பதற்கே ஒதுக்குங்கள்.

மறுமொழி 3: வரைபலகை

பொருள் வடிவமைப்பை வேலையாகச் செய்கிறவள் என்ற முறையில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே ஒரு விடை மனத்தில் விழுந்துவிடுவது எங்களுக்கும் நடப்பதுதான். அதைத் தடுக்க முயலாதீர்கள். மாணவர் அதை மறைக்கத் தொடங்கும் இடத்தில்தான் பொய் நுழைகிறது. 'இதுதான் என் முதல் எண்ணம், இணையத்தில் பார்த்தது' என்று முதல் பக்கத்திலேயே எழுத அனுமதியுங்கள். பிறகு அதை அட்டையில் செய்து, பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்து, எங்கே தோற்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். இடம் மாறிய துளையையும் மறைக்க வேண்டாம். அது ஏன் மாறியது என்பதற்கே ஒரு பக்கம் எழுதலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 2024இலிருந்து ஜி1, ஜி2, ஜி3 எனக் கற்றல் திறனுக்கேற்பப் பிரிக்கப்பட்ட மூன்று நிலை மாணவர்களும் கீழ் உயர்நிலையில் இந்தப் பாடத்தை ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். துண்டுகளை உடைத்துப் பார்க்கும் பயிற்சியை அவர்களிடமும் தொடங்க எண்ணியிருக்கிறேன். அங்கே நன்றாக எழுதுபவரைவிட நன்றாகக் கவனிப்பவர் முன்னால் வரக்கூடும் என்று தோன்றுகிறது. துளை இடம் மாறிய மாணவரிடம் இன்று பேசினேன். மேசையில் பலகையைக் கவ்வியால் இறுக்காமல் கையால் பிடித்திருந்தாராம். அதையே எழுதச் சொல்லியிருக்கிறேன். முதல் எண்ணத்தை அட்டையில் செய்து பார்ப்பதற்காக, பள்ளி உணவகக் கடைக்காரர் அட்டைப் பெட்டிகளை எடுத்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.