2 வயதுக் குழந்தைக்குக் கவுன்: கழுத்து தலையில் நுழையவில்லை, அடியில் நூல் சிக்குகிறது

ஈரோட்டு அப்பா:
வீட்டில் சும்மா கிடந்த பழைய கால்மிதி மெஷினுக்கு எண்ணெய் விட்டு, மகளுக்குக் கையில்லாத கவுன் ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். பாப்ளின் துணி. பாடி (இடுப்புக்கு மேல்பகுதி) முடிந்தது, கீழ்ப்பாவாடை இன்னும் சேர்க்கவில்லை. அதற்குள் இரண்டு சந்தேகம்.

அவளுடைய கடைக் கவுனை வைத்துத்தான் கழுத்து வரைந்தேன். துணியை நடுவில் மடித்த மடிப்பிலிருந்து அகலம் 2¼ அங்குலம், முன் இறக்கம் 2½, பின் இறக்கம் 1. தோள் கச்சிதம். ஆனால் தலை நுழையவில்லை, உச்சியிலேயே நின்றுவிடுகிறது. இன்னும் அகலமாக வெட்டலாமா?

அடுத்தது, தையல் மேலே ஒழுங்காகத் தெரிகிறது. அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சுருண்டு கிடக்கிறது. பாபின் கேஸ் (அடிநூல் உருளை இருக்கும் கூடு) திருகை இறுக்கியும் பார்த்தேன், தளர்த்தியும் பார்த்தேன். ம்ஹூம்.

பழைய டெய்லர்:
தம்பி, கத்தரியைக் கீழே வையுங்கள். கழுத்தை அகலப்படுத்தினால் தோள் சரிந்து விழும். அந்தக் கடைக் கவுனில் பின்னால் ஜிப்போ பட்டனோ இருக்கும், பாருங்கள்.

புருவத்துக்கு மேலாக டேப்பைச் சுற்றித் தலையை அளந்தால் 2 வயதுக்கு 19 அங்குலம் பக்கம் வரும். நீங்கள் சொன்ன அளவுக்குக் கழுத்துச் சுற்று 13தான். பின்நடுவில் கழுத்திலிருந்து 4 அங்குலம் நேராகப் பிளந்துவிடுங்கள். பிளவுக்கு இரண்டு ஓரம் இருப்பதால் திறப்பில் 8 அங்குலம் கூடி 21 ஆகிவிடும்.

அந்தப் பிளவை நேர்கோடாக விரித்துப் பிடித்து, 8½ அங்குல நீளத்துக்கு ஒரே பட்டி வைத்து அடியுங்கள். அடிமுனையில் துணி ஒரு நூல் அளவுதான் தையலுக்குள் வரும். பிரிந்தால் அங்கேதான் பிரியும், ஆகவே அந்த இடத்தில் இரண்டு தடவை ஓட்டுங்கள். மேலே ஒரு பட்டன் போதும். கழுத்து ஓரத்துக்குக் கிராஸ் பீஸ், அதாவது சாய்வாக வெட்டிய பட்டி, வையுங்கள். நேர்த்துணி வளைவில் சுருங்கிக்கொண்டு நிற்கும்.

மதுரைக்காரி:
அண்ணா, அடியில் சிக்கினால் பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான். பாபின் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். மேல்நூலைப் பிடித்து இழுக்க ஆள் இல்லாததால் அது அடியிலேயே தங்கிவிடுகிறது.

நூலை முழுதாக எடுத்துவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்து மறுபடி கோர்த்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருந்தால் மேல்நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகள் மூடிக்கொண்டு நூலை உள்ளே விடாது. மேலும் கீழும் ஆடும் கொக்கி இருக்கிறதல்லவா, அதன் துளையில் நூல் போகிறதா என்று பாருங்கள். ஊசியில் நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூலைக் கோர்த்துவிடுங்கள். தொடங்கும்போது இரண்டு நூல்முனையையும் பின்னால் பிடித்துக்கொண்டு மிதியுங்கள்.

பழைய டெய்லர்:
அவர் சொன்னது சரி. ஊசி 16 போட்டிருந்தால் 14 மாற்றுங்கள், பாப்ளினுக்கு அது போதும். அப்புறம், துணியை நனைத்துக் காயவைத்துத்தானே வெட்டினீர்கள்?

ஈரோட்டு அப்பா:
கொக்கித் துளையில்தான் நூல் இல்லை! இப்போது அடித்தையலும் மேல்தையல் மாதிரியே இருக்கிறது, நன்றி சகோதரி. பிளவு விட்டதும் தலை தாராளமாக நுழைகிறது. பட்டிக்கு இரண்டாவது ஓட்டும் ஓட்டிவிட்டேன். துணியை மட்டும் நனைக்கவில்லை, ஐயா. இனி என்ன செய்வது?

பழைய டெய்லர்:
பாவாடை சேர்க்காதது நல்லதாயிற்று. பாடியையும் மீதித் துணியையும் இப்போதே ஒன்றாக ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, நிழலில் காயவைத்து, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே தேய்த்துவிடுங்கள். மார்புச் சுற்றில் அரை அங்குலம், ஒரு அங்குலம் சுருங்கிப் போகலாம். பாடிச் சுற்று குழந்தையின் மார்பளவைவிட 3 அங்குலமாவது கூடுதலாக இருந்தால் கவலையில்லை. பக்கத்தையலில் துணி விட்டிருந்தால் பிரித்துக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

பாவாடை அடியில் 3 அங்குலம் உள்மடிப்பு விடுங்கள், அடுத்த வருடம் பிரித்து இறக்கலாம்.

மதுரைக்காரி:
அடர்நிறமாக இருந்தால் வேறு துணிகளோடு சேர்க்காமல் நனையுங்கள் அண்ணா, சாயம் போகும்.