தரவு பைல்தானே என்று பச்சை நிறம் போடலாமா?

மாடக்குழி:
எங்கள் அலுவலகத்தில் மென்பொருள் ரிலீசுக்கு முன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆபத்து நிறம் போடுகிறோம். நிரல் மாறினால் சிவப்பு. வெறும் தரவு பைல் மாறினால் பச்சை, மேலோட்டமான சோதனையே போதும். இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்கிறேன். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பியதும் தரவு பைல்தான். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. எல்லாவற்றையும் முழுமையாகச் சோதியுங்கள்.

குறுக்குச்சால்:
முழுமையாக என்றால் எவ்வளவு ஐயா? எட்டுக் கட்டங்கள் உள்ள படிவம், கட்டத்துக்குப் பத்து மதிப்புகள் என்றாலே பத்துக் கோடிச் சேர்க்கைகள். நொடிக்கு ஒன்று ஓட்டினாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் அந்தப் படிவமே வழக்கொழிந்துவிடும். நேரம் போதாததால்தான் நிறம் போடுகிறோம்.

மாடக்குழி:
கணக்குச் சரி. ஆனால் பச்சை எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் பைலின் வரையறையில் 21 உள்ளீடுகள். கணினியில் இருந்த நிரல் கொடுத்ததோ 20. மார்ச், ஏப்ரலில் போன இதே வகைப் பைல்களில் 21ஆவது இடத்தில் ‘எது வந்தாலும் சரி’ என்ற குறியே இருந்தது. அதனால் அந்த இடத்தை யாரும் தொடவில்லை. ஜூலையில்தான் அங்கே உண்மையான ஒப்பீடு வந்தது. இல்லாத உள்ளீட்டைப் படிக்கப் போய்க் கணினி விழுந்தது. சரிபார்க்கும் கருவியிலேயே பிழை. அதுவும் ‘தேறியது’ என்றது. முன்பு நன்றாக ஓடியதே என்ற நம்பிக்கைக்குத்தான் நாம் பச்சை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

குறுக்குச்சால்:
இது என் கட்சிக்கான வாதம் அல்லவா! தவறு நிகழும் வாய்ப்பை மட்டும் பார்த்தால் பச்சை. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் ஓடும் நிரல் படிக்கும் பைல், தவறினால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தால் அப்போதே சிவப்பு. நிறம் போட்டது குற்றமில்லை. பைலின் வகையைப் பார்த்துப் போட்டதுதான் குற்றம்.

இரவுப்பணி:
இருவரும் சோதனையைப் பற்றியே பேசுகிறீர்கள். எந்தச் சோதனையிலும் ஏதாவது தப்பும். தப்பியது எத்தனை கணினிகளுக்குப் போகும் என்று கேளுங்கள். உலக நேரம் 04:09க்கு அனுப்பி 05:27க்குத் திரும்பப் பெற்றார்கள். 78 நிமிடங்கள். அதன் பிறகும் விழுந்த கணினிகள் பலவற்றில் ஆள் நேரில் போய், அடிப்படை நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் அந்தப் பைலை அழிக்க வேண்டியிருந்தது. வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்கச் சாவியையும் தட்ட வேண்டும். முதலில் நூறில் ஒருவருக்கு அனுப்பிக் காத்திருந்தால் இத்தனை பேர் அலைந்திருக்க வேண்டாம். அந்த நிறுவனமே பிறகுதான் இவ்வகைப் பைல்களையும் படிப்படியாக அனுப்பத் தொடங்கியது.

மாடக்குழி:
ஒப்புக்கொள்கிறேன், பாதி மனதோடு. வைரஸ் தடுப்புப் பைலைத் தாமதித்தால் தாக்குதல் முந்திக்கொள்ளும். அது இருக்கட்டும், அந்த முதல் நூறில் ஒருவர் யார்? வாடிக்கையாளரா?

இரவுப்பணி:
முதலில் நம் அலுவலகக் கணினிகள். பச்சை நிறம் போட்டவருடைய மடிக்கணினியிலிருந்து தொடங்கலாம்.